முறிந்த தூணும் உத்திரத்தின் வளைவும்

கி.பி. 1638ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டின் லெய்டன் நகரில் ஒரு நூல் அச்சேறி வெளிவந்தது. அதனை எழுதிய கலிலியோவுக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல். 1633இல் திருச்சபை மன்றம் அளித்த தீர்ப்பினால் அவர் பிளாரன்சு நகருக்கு அருகே வீட்டுக் காவலில் இருந்தார், கண்ணொளியும் மறைந்துவிட்டிருந்தது. 'இரு புதிய அறிவியல்கள்' என்பது அந்நூலின் பொருள். இரண்டனுள் ஒன்று இயக்கம் பற்றியது. உலகம் பெரிதும் போற்றுவது அதனையே. மற்றொன்று, திண்பொருள்கள் சுமையால் எவ்வாறு முறிகின்றன என்பதை ஆராய்வது. நாம் குடியிருக்கும் வீடும் கடக்கும் பாலமும் நம் தலைமேல் விழாமல் நிற்பது இந்த இரண்டாம் அறிவியலின் பயனேயாகும். ஆயினும் நம் மாணவர்களுள் பலர் அதன் பெயரையும் கேட்டிரார்.

அந்நூலில் மூவர் நான்கு நாள் உரையாடுகின்றனர். முதல்நாள் உரையாடலில் ஒரு செய்தி வருகிறது. பெரியதொரு சலவைக்கல் தூணைப் படுக்கவைத்து, அதன் இரு முனைகளின் கீழும் மரத்துண்டு ஒவ்வொன்றாக வைத்திருந்தனர். தூண் தன் எடையாலேயே நடுவில் முறிந்துவிடக்கூடுமே என்று ஒரு தொழில்வல்லுநர் அஞ்சி, நடுவிலும் மூன்றாவதாக ஒரு முட்டுக் கொடுத்தார். எல்லாரும் அதனை நல்ல யோசனை என்றே கருதினர. சில திங்கள் கழிந்தன. தூண் முறிந்தது, அதுவும் புதிதாக முட்டுக் கொடுத்த இடத்துக்கு நேர் மேலே முறிந்தது. ஆராய்ந்தபோது, முனையில் இருந்த மரத்துண்டுகளுள் ஒன்று காலப்போக்கில் உளுத்து அமுங்கிவிட்டதும், நடுமுட்டு மட்டும் உறுதியாக நின்றதும் தெரியவந்தன. தூணின் பாதி, தாங்குவாரின்றி அந்தரத்தில் நீண்டிருந்தது.

காப்பதற்காக வைத்த முட்டே முறிவுக்குக் காரணமானது எப்படி? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குச் சீராகச் சுமை ஏற்ற உத்திரத்தின் வளைவுத் திருப்புத்திறனை அறிதல் வேண்டும். அதனையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

முதற்கண் சொல் பற்றி ஒரு சொல். பள்ளிப் பாடநூல்கள் 'சட்டம்' என்று எழுதுகின்றன. சில தொழில்நுட்ப நூல்கள் 'விட்டம்' என்கின்றன; வட்டத்தின் குறுக்களவும் விட்டமாதலால் மாணவர் மயங்குகின்றனர். கொத்தனாரோ 'பீம்' என்று சொல்லி வேலையை முடித்துவிடுகிறார். சிற்பியர் வழக்கிலும் வீட்டு வழக்கிலும் ஒருங்கே உள்ள 'உத்திரம்' என்னும் சொல்லையே நாம் ஈண்டு ஆளுகிறோம்.

திருப்புத்திறன் என்பது புதுமையானதன்று. கதவைக் கீலின் அருகே தள்ளினால் அசைவதில்லை. விளிம்பில் தள்ளினால் விரல்நுனிக்கே திறக்கிறது. விசையையும் அது செயற்படும் தொலைவையும் பெருக்க வருவது திருப்புத்திறன். ஏற்றம் இறைத்தோரும், வெள்ளிக்கோல் பிடித்து நிறுத்த வணிகரும் இதனைக் கையறிவாக அறிந்திருந்தனர்.

ஆனால் உத்திரத்தின்மேல் உள்ள சுமை ஓரிடத்தில் குவிந்திருப்பதன்று. தளமும் சுவரும் உத்திரத்தின் சொந்த எடையும் நீளம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. பரவிய சுமைக்குத் தொலைவு எது? இங்கே நாம் நினைவுகூர வேண்டிய பெருமகனார் ஒருவர் உளர். ஹர்ரானில் பிறந்து, அப்பாசியக் கலீபாக்கள் ஆண்ட பக்தாதில் வாழ்ந்து 901இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா என்பார், வெள்ளிக்கோலைப் பற்றி அரபு மொழியில் ஒரு நூல் இயற்றினார். கோலுக்கே எடையுண்டு, அவ்வெடை கோல் நெடுகப் பரவியுள்ளது, அதனை எவ்வாறு கணக்கில் கொள்வது என்பது அந்நூல் எழுப்பும் வினா. ஒரு பகுதியில் சீராகப் பரவிய எடை, அதே அளவு எடையை அப்பகுதியின் நடுப்புள்ளியில் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும் என்று அவர் வடிவக்கணித முறையில் நிறுவினார். 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியரிடையே பயின்றது. இன்று பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் உத்திரக் கணக்கைத் தொடங்குவது இந்த உண்மையைக் கொண்டேயாகும்; அதன் பின்னே ஒரு பக்தாத் அறிஞரின் உழைப்பும் உண்டு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

கணக்கு ஒன்று

எண் கொண்டு பார்த்தால் எளிதில் விளங்கும். 4 மீட்டர் நீளமுள்ள உத்திரம் ஒன்று இருமுனைகளிலும் சுவரின்மேல் வெறுமனே அமர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் 1000 கிலோ எடை பரவியுள்ளது எனக் கொள்வோம். மொத்தச் சுமை 4000 கிலோ. இருபுறமும் ஒத்திருத்தலால் ஒவ்வொரு சுவரும் 2000 கிலோ அளவில் உத்திரத்தை மேல்நோக்கித் தாங்குகிறது.

இப்போது இடமுனையிலிருந்து 1 மீட்டர் தொலைவில் உத்திரத்தை மனத்தளவில் அறுத்துப் பார்ப்போம். அறுத்த இடத்துண்டின்மேல் செயற்படுவன இரண்டு. சுவர் 2000 கிலோ விசையால் மேலே தள்ளுகிறது. அறுத்த இடத்திலிருந்து அதன் தொலைவு 1 மீட்டர். எனவே திருப்புத்திறன் 2000. துண்டின்மேல் உள்ள சுமை 1000 கிலோ. தாபித் காட்டிய வழியில் அதனை நடுப்புள்ளியில், அதாவது அரை மீட்டர் தொலைவில் வைத்தால், எதிர்த்திசையில் திருப்புத்திறன் 500. எஞ்சுவது 1500 கிலோ-மீட்டர். இவ்வாறு எஞ்சிய திருப்புதலோடு அத்துண்டு சுழன்றுவிடாமல் நிற்கிறதே, ஏன்? அறுபட்ட முகத்தின் வழியே வலத்துண்டு அதனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவ்வாறு பிடித்துநிறுத்த உத்திரத்தின் பொருள் தன்னுள்ளே தாங்க வேண்டிய அளவே, அந்த இடத்தின் வளைவுத் திருப்புத்திறன். அது வெளியே கண்ணுக்குத் தெரிவதன்று. அறுத்துப் பார்த்தாலன்றி அறிவுக்கும் தோன்றுவதன்று. மாணவர் இடர்ப்படுவதும் இவ்விடத்திலேயே. சூத்திரத்தை மனப்பாடம் செய்தோர் பலர். மனத்தில் உத்திரத்தை அறுத்துப் பார்த்தோர் சிலர்.

நடுவில் அறுத்தால், 2000ஐ 2ஆல் பெருக்க 4000. அதனின்று 2000 கிலோவை 1 மீட்டரால் பெருக்கிக் கழிக்க, எஞ்சுவது 2000. முனையில் சுழி, கால்பங்குத் தொலைவில் 1500, நடுவில் 2000, பின்னர் மீண்டும் 1500, மறுமுனையில் சுழி. இவற்றைப் படமாக வரைந்தால் பரவளைவு என்னும் கோடு கிடைக்கும். முனையிலிருந்து நடுவுக்குப் பாதி வழி சென்ற அளவிலேயே திருப்புத்திறன் உச்ச அளவில் முக்காற்பங்கை எட்டிவிடுவதைக் காண்க. நடுவில் மட்டும் வலிமை சேர்த்தால் போதும் என்று எண்ணுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஒரு மீட்டருக்குரிய சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் உச்ச அளவு வரும் என்பது இதன் பொதுவிதி. 1000ஐ 16ஆல் பெருக்கி 8ஆல் வகுக்க, அதே 2000. இவ்விதியில் உயிரான சொல் 'வர்க்கம்' என்பது. நீளத்தை இருமடங்காக்கி 8 மீட்டர் ஆக்கினால் திருப்புத்திறன் இருமடங்காவதில்லை. நான்கு மடங்காகி 8000 ஆகிறது. நீளம் கூடும்போது சுமையும் கூடுகிறது, அச்சுமை செயற்படும் தொலைவும் கூடுகிறது. ஆகவே நீளம் இருமுறை கணக்கில் நுழைகிறது. அதே 4000 கிலோவைப் பரப்பாமல் நடுவில் ஒரே இடத்தில் ஏற்றிவைத்தால், 4 மீட்டர் உத்திரத்தில் திருப்புத்திறன் 4000 ஆகும். பரவிய சுமையினால் விளைவதைப் போல் இருமடங்கு. மாடியில் தண்ணீர்த் தொட்டியை அறையின் நடுவே வைப்பதற்கும் சுவரோரம் வைப்பதற்கும் உள்ள வேற்றுமையை இதிலிருந்து உய்த்துணரலாம்.

வளைவோடு உடன்வரும் மற்றொன்று வெட்டுவிசை. அறுத்த முகத்தில் ஒரு துண்டு மற்றொன்றை உரசிக்கொண்டு கீழே நழுவ முயலும் விசை அது. நமது கணக்கில் அது முனையில் 2000, ஒரு மீட்டரில் 1000, நடுவில் சுழி. வளைவு உச்சமாகும் இடத்தில் வெட்டு இல்லை. வெட்டு உச்சமாகும் முனையில் வளைவு இல்லை. கான்கிரீட் உத்திரத்தில் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களை முனைகளின் அருகே நெருக்கமாகவும் நடுவில் சற்று இடைவிட்டும் வைப்பது இதனாலேயாகும்.

உத்திரத்தின் உள்ளே

வளைவைப் பொருள் எவ்வாறு தாங்குகிறது? நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்றின் பக்கவாட்டில் நேர்கோடுகள் சில வரைந்து இருகைகளாலும் வளைத்துப் பார்த்தால், உட்புறக் கோடுகள் நெருங்குவதும் வெளிப்புறக் கோடுகள் விலகுவதும் தெரியும். இருமுனையிலும் தாங்கிய உத்திரம் நடுவில் தொய்யும்போது மேற்பாகம் அமுங்குகிறது, அடிப்பாகம் இழுபடுகிறது. இடையே அமுங்காமலும் இழுபடாமலும் ஒரு தளம் உண்டு. அதனை நடுநிலை அச்சு என்பர். மேலே அமுக்கமும் கீழே இழுவிசையும் ஓர் இணையாக நின்று, அறுபட்ட முகத்தில் நாம் கண்ட திருப்புத்திறனைத் தாங்குகின்றன.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு மிகுந்தால் தாங்கும் திறனும் மிகும். செவ்வக வெட்டுமுகமுடைய உத்திரத்தின் வலிமை அகலத்தை ஒட்டியும், உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியும் வளர்கிறது. 10 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவுள்ள மரக்கட்டையைப் படுக்கையாக வைப்பதைவிட நிறுத்தி வைத்தால் வலிமை இருமடங்கு. தொய்வு நான்கிலொரு பங்கு. மரமும் அதுவே, விலையும் அதுவே.

உயரத்தின் வர்க்கம் என்னும் இவ்வுண்மையைக் கலிலியோ சரியாகவே கண்டார். ஆனால் முறியும் உத்திரம் தன் அடிவிளிம்பைக் கீலாகக்கொண்டு திரும்புகிறது என்றும், இழைகள் அனைத்தும் ஒரே அளவில் இழுபடுகின்றன என்றும் அவர் கருதினார். அமுங்கும் பாகம் ஒன்று உண்டென்பது அவர் கணக்கில் இல்லை. அதனால் அவர் கண்ட வலிமை, இன்றைய கொள்கை தருவதைப் போல் மும்மடங்காகிவிட்டது. பிரான்சு நாட்டுக் கூலோம் 1773இலும் நேவியே 1826இலும் அளித்த விளக்கங்களால் இது திருந்தியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பேரறிஞர் பலர் இந்த நடுநிலை அச்சைத் தேடி அலைந்தனர் என்றால், முதல் வகுப்பிலேயே அது விளங்கவில்லை என்று மாணவர் மனம் தளர வேண்டியதில்லை.

கல்லின் இயல்பு இங்கே குறிப்பிடத்தக்கது. அமுக்கத்தைக் கல் மிக நன்றாகத் தாங்கும். இழுவிசையையோ அதில் பத்திலொரு பங்கு அளவே தாங்கும். எனவே கல் உத்திரம் அடிப்புறத்தில் விரிசல்விட்டே முறியும். நம் நாட்டுக் கல்மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பது அழகுக்காக மட்டுமன்று. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தின் 985 தூண்களும், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழைய கற்பள்ளிவாசல்களில் அணிவகுத்து நிற்கும் தூண்களும் ஒரே காரணத்தைப் பேசுகின்றன. தூணின் தலையில் இருபுறமும் கைநீட்டி நிற்கும் போதிகையும் வெறும் அணியன்று. 3 மீட்டர் இடைவெளியில் நின்ற இரு தூண்களின் போதிகைகள் அரை அரை மீட்டர் உள்நோக்கி நீண்டு உத்திரத்தை ஏந்துமாயின், எஞ்சும் இடைவெளி 2 மீட்டர். திருப்புத்திறன் ஒன்பதில் நான்கு பங்காக, அதாவது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது. சூத்திரம் எழுதாத சிற்பி வர்க்கவிதியை உளியால் எழுதிவைத்தான் என்றால் மிகையன்று.

கான்கிரீட்டும் ஒருவகைக் கல்லே. இழுபடும் பக்கத்தில் எஃகுக் கம்பி வைத்து அதன் குறையை நிரப்புகிறோம். ஆகவே எந்தப் பக்கம் இழுபடுகிறது என்னும் வினா உயிரைக் காக்கும் வினாவாகிறது. இருமுனையும் தாங்கிய உத்திரத்தில் கம்பி கீழே. ஒரு முனை மட்டும் கட்டடத்தில் பதிந்து மறுமுனை வெளியே நீண்ட சன்ஷேட், பால்கனி ஆகியவற்றில் இழுபடுவது மேற்புறம். அங்கே கம்பி மேலே. அவற்றின் திருப்புத்திறன் சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்து வருவது. அதே நீளமுள்ள, இருபுறமும் தாங்கிய உத்திரத்தைப் போல் நான்கு மடங்கு. கான்கிரீட் கொட்டும் நாளில் ஆட்கள் ஏறி மிதித்து மேற்கம்பி அடித்தட்டுக்கு இறங்கிவிட்டால், வாங்கிய கம்பி முழுவதும் உள்ளே இருந்தும் இல்லாததே போலாகும். வெளியே பூசி வண்ணமடித்தபின் எவர் கண்ணுக்கும் அது புலப்படாது. அடியில் கொடுத்த முட்டுகளைப் பிரிக்கும் நாளிலோ, பின்னொரு நாளில் திருமண ஊர்வலம் காண அதன்மேல் பலர் ஏறி நிற்கும்போதோ வெளிப்படும்.

தூண் ஏன் முறிந்தது

இனிக் கலிலியோவின் தூணுக்கு வருவோம். இருமுனைகளில் தாங்கி நின்றபோது நடுவில் திருப்புத்திறன், மொத்த நீளத்தின் வர்க்கத்தைச் சுமையால் பெருக்கி எட்டால் வகுத்தது, இழுபட்டது அடிப்புறம். நடுமுட்டு வந்து மூன்று தாங்கல்களும் ஒரே மட்டத்தில் நின்றவரை, அது நான்கிலொரு பங்காகக் குறைந்தது. ஆகவே அந்த யோசனை மூடத்தனமன்று. முனைத் தாங்கல் ஒன்று அமுங்கியபின் என்ன நிகழ்ந்தது? பாதித் தூண் வெளியே நீண்ட பால்கனி போலாயிற்று. பாதி நீளத்தின் வர்க்கம் முழு நீளத்தின் வர்க்கத்தில் கால்பங்கு. அதனை இரண்டால் வகுக்க, மீண்டும் எட்டிலொரு பங்கே வருகிறது. இழுபடும் பக்கம் மட்டும் மேற்புறமாக மாறிவிட்டது.

அளவு ஒன்றேயாயின் முன்பு முறியாத தூண் இப்போது முறிவானேன் என்று கூர்மதியுடையோர் வினவலாம். மரத்துண்டுகளுக்கு அகலமுண்டு, அவை தூணின் கடைவிளிம்பிலேயே தாங்குவதில்லை, சற்று உள்ளே தாங்குகின்றன. பேச்சுக்காக, நீளத்தில் பத்திலொரு பங்கு உள்ளே அவை இருந்தன எனக் கொள்வோம். அப்போது வெளியே நீண்ட முனைகளின் எடை நடுவின் தொய்வைக் குறைக்கிறது. திருப்புத்திறன் சுமை, நீளத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கத்தில் ஆயிரத்தில் 75 பங்கு. நடுமுட்டின்மேல் தொங்கிய நிலையிலோ ஆயிரத்தில் 125 பங்கு. முன்னதைப் போல் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. இரு தாங்கல்களையும் முனையிலிருந்து ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உள்ளே தள்ளி வைத்தால், முனைத்தாங்கலின்போது உள்ளதில் ஆறிலொரு பங்காகவே திருப்புத்திறன் அடங்கிவிடும். மூன்றாவது முட்டைத் தேடாமல் இருந்த இரண்டையும் சற்று நகர்த்தியிருந்தால் தூண் பிழைத்திருக்கும்.

இரு தாங்கல் உத்திரத்தில் ஒரு தாங்கல் சிறிது அமுங்கினாலும் உத்திரம் சாய்வதன்றித் திருப்புத்திறன் மாறுவதில்லை. தாங்கல் மூன்றானதும் அந்த விடுதலை போய்விடுகிறது. ஒன்று மயிரிழை இறங்கினாலும் சுமை இடம்மாறுகிறது. சிறு தூணாயிருந்தால் இவ்வாறு முறிந்திராது என்றும் கலிலியோ அவ்விடத்தே கூறுகிறார். அதுவும் உண்மையே. நீளம், பருமன் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் இருமடங்காக்கினால் திருப்புத்திறன் பதினாறு மடங்காகிறது. வெட்டுமுகத்தின் வலிமையோ எட்டு மடங்கே ஆகிறது. கல்லின்மேல் விழும் தகைவு இருமடங்காகிவிடுகிறது. சிறிய மாதிரி உருவம் நிற்பதால் பெரிய கட்டடமும் நிற்கும் என்று கொள்ளலாகாது.

தொய்ந்த உத்திரத்தின் நடுவே தூண் கொடுக்க எண்ணும் வீட்டாரும், கடையை விரிவாக்க நடுத்தூணை எடுக்க எண்ணும் வணிகரும் நம்மிடையே உளர். இருவருக்கும் இந்த எண்கள் உரியன. மேற்புறத்தில் கம்பியில்லாத உத்திரத்தின் நடுவே தூணை இறுக்கி நிறுத்தினால், அதன் மேற்புறம் அவ்விடத்தில் இழுபட்டு விரிசல் விடும். வெறுமனே தொடும்படி நிறுத்தினாலோ, முன்னரே உள்ள சுமையில் ஒரு கிலோவைக்கூட அது ஏற்பதில்லை, பின்னர் ஏறும் சுமையிலேயே பங்கு கொள்கிறது.

தூணை எடுப்பதோ இதனினும் கொடிது. 4 மீட்டர் இடைவெளிகள் இரண்டின்மேல் தொடர்ந்து செல்லும் 8 மீட்டர் உத்திரத்தில், மீட்டருக்கு 1000 கிலோ சுமை இருக்குமாயின், நடுத்தூண் 5000 கிலோவையும் முனைத்தூண்கள் 1500 கிலோ வீதமும் தாங்குகின்றன. இடைவெளிகளில் அடிப்புறத்தை இழுக்கும் திருப்புத்திறன் மிகுந்தால் 1125. நடுத்தூணின்மேல், மேற்புறத்தை இழுப்பதாக 2000. தூணை எடுத்த மறுகணம் முனைத்தூண்களின்மேல் விழுவது 4000 கிலோ வீதம். நடுவில் திருப்புத்திறன் 8000, அதுவும் அடிப்புறத்தை இழுப்பதாக. மேற்கம்பியை மிகுதியாகவும் கீழ்க்கம்பியைக் குறைவாகவும் வைத்துக் கட்டிய இடம் அதுவே.